1,42,857-ஐ நகர்த்திய காசிம் பாய்

எண்களுக்குப் புரூஃப் பார்ப்பது அரிசியில் கல் பொறுக்குகிற வேலை இல்லை. அரிசியில் அரிசி பொறுக்குகிற வேலை.

எழுத்தில் பிழை என்றால் கண்ணில் தூசி விழுந்த மாதிரி உறுத்தும். எண்ணில் அந்தச் சலுகை கிடையாது. தப்பான எட்டு, சரியான எட்டைப் போலவே இரண்டு வயிற்றோடு சாதுவாக உட்கார்ந்திருக்கும். எண்களோடு குடித்தனம் நடத்தி நொந்துபோன என் போன்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

நான் ஒன்றும் ஆசைப்பட்டு இதற்கு வரவில்லை. என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன் செல்லையா சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருந்தார். தீபாவளி வரை வெடிக்கட்டு லேபிள். சீசன் முடிந்தால் மிஷின் சும்மா நிற்கக் கூடாதே என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுப் புத்தகம். நயா பைசா வந்த புதிது. பழைய வாய்ப்பாடுகள் கடலைப் பொட்டலமாகிவிட்டன. புதுசு எல்லோருக்கும் வேண்டியிருந்தது. "மதினி கான்வென்டுல படிச்சவுக, வீட்ல சும்மாதான இருக்காக" என்று செல்லையா தம்பி அந்த வேலையை என் தலையில் கட்டினார். நாலு பிள்ளைகளும் ஒரு மாமியாரும் உள்ள வீட்டில் ஒருத்தி சும்மா இருப்பது எப்படி என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்காரர் தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து வரும்போது, பக்கத்து அச்சாபீஸின் புரூஃபும் சைக்கிள் கேரியரில் வீட்டுக்கு வர ஆரம்பித்தது.

மேலே வந்தது யார்?

வாய்ப்பாட்டை மேலிருந்து கீழாகப் படித்தால் நாக்கு தானாக ஓடும், கண் தூங்கிவிடும். ஆகவே கீழிருந்து மேலே போவேன், அதுவும் உரக்க. ஒரு நாள் அடுப்பில் குழம்பு கொதிக்க, கரண்டியும் கையுமாக, "பதினாறு பதினாறு இருநூத்தி அம்பத்தாறு, பதினஞ்சு பதினாறு இருநூத்தி நாப்பது, பதினாலு பதினாறு இருநூத்தி இருவத்திநாலு" என்று இறங்கிக்கொண்டிருந்தேன். முடி அவிழ்ந்திருந்தது உண்மைதான். சமையலறைச் சூட்டில் அதை யார் முடிந்துகொண்டிருப்பது?

உறை மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். நான் இரண்டு வரை வந்து, ஒன்றைச் சொல்லி, மூச்சு விட்டுத் திரும்பினேன். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பியிருந்தாள்.

"அக்கா, வந்திருக்கது யாருன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க. இருக்கன்குடி ஆத்தான்னா கூழு ஊத்திருவோம், வேற யாரும்னா நான் இப்பவே ஆளக் கூட்டியாரேன்."

மூளிப் பக்கம்

புத்தகம் பதினாறு பக்கம். வாய்ப்பாடு பதினைந்தில் முடிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் ஒரு ராக்கெட் படத்தைப் போட்டுவிடலாம் என்றார் செல்லையா. பிள்ளைகள் தினமும் புரட்டுகிற புத்தகம், புத்திக்கு ஏதாவது போடுங்கள் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எனக்கு ஓர் எண் தெரியும். கான்வென்டில், வகுப்பில் பேசியதற்காக என்னை வராந்தாவில் உட்கார வைத்து, ஒன்றை ஏழால் வகு, மீதி இல்லாமல் முடிந்ததும் எழுந்திரு என்று சொல்லிவிட்டார்கள். அது இன்றுவரை முடியவில்லை. ஆனால் 142857, 142857 என்று அதே ஆறு இலக்கங்கள் திரும்பத் திரும்ப வந்தன. கோபத்தில் அந்த எண்ணை இரண்டால் பெருக்கினேன், மூன்றால் பெருக்கினேன். அதைத்தான் இப்போது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்:

142857 × 1 = 142857
142857 × 2 = 285714
142857 × 3 = 428571
142857 × 4 = 571428
142857 × 5 = 714285
142857 × 6 = 857142

செல்லையா தாளை வாங்கினார். பார்க்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நம்பரோ ராக்கெட்டோ, பக்கம் நெறஞ்சாச் சரி மதினி. வெறும் பக்கம் மூளியாத் தெரியும்."

ராட்டினம்

அச்சுக் கோர்க்கிறவர் காசிம் பாய். ஐம்பது தாண்டியவர், மூக்கில் கனத்த கண்ணாடி. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து பொறுக்கி வரிசையாக நிறுத்துவதில் அவர் விரலுக்கு ஈடு அந்தத் தெருவில் கிடையாது. தலைகீழாக இருக்கும் வரியை நாம் பேப்பர் படிக்கிற மாதிரி படிப்பார். கணக்கு மட்டும் வராது. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பார்.

ஒரு நாள் தொழுகை முடிந்து போகிற வழியில் எங்கள் வாசலில் நின்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என் தாளைக் கோர்க்கும்போது, வலது பக்கத்து விடை எல்லாமே ஒரே ஆறு எழுத்து என்று கண்டுபிடித்துவிட்டாராம். பிறகு எதற்குப் பொறுக்க வேண்டும்? முதல் எண்ணையே ஆறு தடவை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வரியிலும் முன்னால் நிற்பதில் வேண்டியதை எடுத்துப் பின்னால் வைத்திருக்கிறார். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் விடைகள் முழுக்க முடிந்துவிட்டன. எனக்கே அது அதுவரை தோன்றவில்லை. வட்டமாக நிற்கிற ஆறு இலக்கங்கள், எங்கே தொடங்குகிறோம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

"இது நம்பரில்ல தாயி, திருவிழா ராட்டினம். ஏறுனவுக வரிசை மாறவே இல்ல, மேல வந்து நிக்கிற ஆளுதான் மாறுதாரு."

ஒத்துக்கொண்டார்

இரண்டு நாள் புரூஃப் வரவில்லை. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் வெறும் கேரியரோடு வந்தார். சோற்றில் கையை வைத்துக்கொண்டு பிசையாமல் உட்கார்ந்திருந்தார். கேட்டுக் கேட்டுப் பிடுங்கியதில் வெளியே வந்தது இது.

போன சீசனில் அச்சுக் கோர்க்கிற இன்னொருவன், ஒரு கம்பெனி லேபிளை முடித்துவிட்டு, அடுத்த கம்பெனிக்கு அதையே வைத்துப் பெயரை மட்டும் மாற்ற வேண்டியவன், மாற்றாமல் விட்டுவிட்டான். ஏழாயிரம்பண்ணைக்குப் போன லோடு அப்படியே திரும்பி வந்தது. அன்றிலிருந்து, புதிதாகக் கோர்க்காமல் கோர்த்ததையே நகர்த்தி மாற்றுகிறவன் என்றாலே செல்லையாவுக்கு ஆகாது. இப்போது கடைசிப் பக்கம் எனக்கு வருமுன் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. ஆறு வரி, ஆறிலும் அதே இலக்கங்கள். "பாய், பொறுக்கிக் கோத்தீகளா, நகத்தி வச்சீகளா?" என்று கேட்டிருக்கிறார். பாய்க்குப் பொய் வராது. "நகத்தித்தான் வச்சேன் மொதலாளி" என்றிருக்கிறார், அதுவும் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. இருபது வருஷமாக வேலை பார்த்தவரை அந்த நிமிஷமே அனுப்பிவிட்டார்.

நான் கையில் வைத்திருந்த ரசக் கரண்டியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. ஐம்பது வயதுக்கு மேல், கண்ணாடி போட்டவரை, 'நகர்த்தி வைத்தவர்' என்ற பேரோடு எந்த அச்சாபீஸ் வாசலில் ஏற்றுவார்கள்? இவர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நீ எழுதிக் குடுத்த நம்பருதான் அவர வீட்டுக்கு அனுப்புச்சு."

காப்பி எதுக்கு?

எங்கள் வீட்டுப் பெண்கள் அச்சாபீஸுக்குள் போவதில்லை. நான் போனேன். மத்தியான வெயில், கூரை ஓட்டுக்குக் கீழே மை வாசனை. கயிற்றில் ஈரத் தாள்கள் தோரணமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் மிதி மிஷின்காரர் காலை எடுத்துவிட்டார். செல்லையா பதறி எழுந்து, நாற்காலியைத் துடைத்து, "வாங்க மதினி, சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பம்லா" என்றார்.

நான் உட்காரவில்லை. பக்கத்தில் கம்பியில் குத்தியிருந்த தாள்களில் என் கையெழுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்க்கிற தூரம்தான், எட்டு விரற்கடை. அதைக் காட்டி, பாயை அனுப்புமுன் நான் எழுதின காப்பித் தாளை ஒரு தடவையாவது பார்த்தீகளா தம்பி என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், கான்வென்டில் இதைக் கூடச் சொல்லித் தரவில்லையா என்கிற பரிதாபம்.

"குத்தம் பண்ணேன்னு அவரு வாயாலயே ஒத்துக்கிட்டாரு மதினி. ஒத்துக்கிட்ட பொறவு காப்பி எதுக்கு?"

ராக்கெட் லேபிளின் முதுகில்

தாளை உருவி அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். முகம் மாறியது. பாய் தப்பித்தார் என்று நினைத்தேன். "அப்ப நீங்களும் நகத்தித்தான் எழுதியிருக்கீக" என்றார்! நெற்றிப் பொட்டு சுட்டது எனக்கு. "பெருக்குனா நம்பரு மாறணும் மதினி. மாறலைன்னா அது பெருக்கல் இல்ல."

"பெருக்கிப் பாருங்க" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை; என் வாழ்க்கையில் அது அபூர்வம். மிச்சம் கிடந்த ஒரு ராக்கெட் லேபிளைக் கவிழ்த்துப் போட்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்தார். இரண்டால் பெருக்கினார். 285714. ஏதோ கைத்தவறு என்பது போல அடித்துவிட்டு மறுபடி பெருக்கினார். 285714. மூன்றுக்குப் போனார். நாலில் அவர் உதடு அசைவது நின்றுவிட்டது. ஐந்தில் மிதி மிஷின்காரர் வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். ஆறை முடித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். பாம்புக்குட்டியை வைக்கிற மாதிரி, மெதுவாக.

"மதினி... இதுக்குள்ள யாரோ இருக்காக."

ஏழு, எட்டு

ஏழால் பெருக்கினால் என்ன வரும் என்று கேட்டார். நானே சொல்லியிருக்கலாம். அவரே பார்க்கட்டும் என்று விட்டேன், அது என் தப்பு. 999999 வந்தது. அதுவரை ராட்டினம் சுற்றிய ஆறு பேரும் இறங்கிப் போய், ஆறு இடத்திலும் ஒரே ஆள் உட்கார்ந்திருக்கிறார். மனுஷன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார். பாயைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். "ம், ம்" என்றாரே தவிர, கண் லேபிளை விட்டு எடுபடவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பால்காரனுக்கு முன்னால் வந்து நின்றார். எட்டால் பெருக்கியிருக்கிறார். 1142856. "இந்தக் கூத்தப் பாருங்க மதினி. கடைசியில இருந்த ஏழு ஒடைஞ்சு போச்சு. ஒண்ணு முன்னால போயி நிக்கி, மிச்சம் ஆறு பின்னால நிக்கி." அது மட்டுமா? எண்ணை நடுவில் வெட்டி, 142-ஐயும் 857-ஐயும் கூட்டினால் 999. மூன்று துண்டாக வெட்டி 14, 28, 57 என்று கூட்டினால் 99. எப்படி வெட்டினாலும் ஒன்பதாக வந்து நிற்கிறது, ராத்திரி கண்ணை மூடினாலும் அதுதான் வருகிறது என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் பயம்தான். ஆனாலும் விடவில்லை. நம்பர் கிடக்கட்டும், பாய் என்ன ஆனார் என்றேன்.

"ஆளு விட்டேன் மதினி. தப்புப் பண்ணவன எதுக்குத் திரும்பக் கூப்புடுதீகன்னு கேட்டு விட்டிருக்காரு."

யாருடைய நேர்மை

இதற்கு நான் தயாராக இருக்கவில்லை. தண்டித்தவர் புத்தி தெளிந்து வழிக்கு வந்த பிறகு, தண்டனை வாங்கியவர் நீதிபதி பக்கம் சேர்ந்துகொள்வதா?

பாய் வீட்டுக்குப் போனேன். அவருடைய சம்சாரம் ஆமினா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். "அஞ்சு நாளா இப்படித்தான் இருக்காக, சாப்பாடும் எறங்க மாட்டேங்கு. நீங்களாவது சொல்லுங்க தாயி" என்றார். பாய் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இடது கை எதையோ பிடித்த மாதிரி மடங்கி, கட்டைவிரல் மட்டும் இழைந்துகொண்டிருந்தது. இல்லாத வரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

படபடவென்று சொன்னேன். ஆறு வரியும் சரி, முதலாளியே பெருக்கிப் பார்த்துவிட்டார், நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. பாய் பொறுமையாகக் கேட்டார். பிறகு, நகர்த்தும்போது வரி சரியா தப்பா என்று தனக்குத் தெரியாது என்றார். தாளைப் பார்த்தது வாஸ்தவம், ஆனால் கை சுலபத்துக்குத்தான் நகர்த்தினேன் என்றார். போன சீசனில் பெயரை மாற்றாமல் விட்டானே, அவனும் கை சுலபத்துக்குத்தான் விட்டான், அவனுக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா என்றார். தாளைப் பார்த்துத்தானே நகர்த்தினீர்கள் என்று நான் கத்திவிட்டேன். ஆமினா பயந்து தண்ணீர் கொண்டுவந்தார். பாய் மட்டும் அசையவில்லை.

"சரியா வந்தது என்னோட நேர்மை இல்ல தாயி. அந்த நம்பரோட நேர்மை."

ஆறு ஒன்பது

தோற்றுப்போய் எழுந்தேன். படி இறங்கும்போது எரிச்சலில், "நீங்க வராட்டி என்ன, முதலாளிக்கு ஏழாவது வரியும் வேணுமாம். விருதுநகர்ல இருந்து புது ஆள் வந்திருக்கான், அவன் கோத்துருவான்" என்றேன்.

"ஏழாவது வரியா? அதுக்கு எத நகத்தணும்?"

"எதையும் நகத்த முடியாது. அது பூரா ஒம்பது. ஆறு ஒம்பது."

பாய் நிமிர்ந்தார். "ஆறு ஒம்பதா?" என்றார். குரலே வேறாக இருந்தது. பெட்டியில் மிச்சமே மூணு ஒம்பதுதான் இருக்கிறதாம். மற்றதெல்லாம் ஒன்பதாம் வாய்ப்பாட்டுப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிறது. அது அச்சாகிப் பிரித்துப் போடுகிற வரை வராது. புதுசாக வந்தவன் என்ன செய்வான்? ஆறைத் தலைகீழாக நட்டு ஒன்பது என்பான். எல்லாரும் செய்கிற வேலைதான். ஆனால் அந்த அச்சாபீஸ் ஆறு, கவிழ்த்து நட்டால் வரியை விட்டு ஒரு மயிரிழை இறங்கி நிற்கும். மூணு ஏறி மூணு இறங்கி, பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். இதைச் சொல்லிக்கொண்டே சட்டையைத் தேடினார். பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். எனக்கு முன்னால் நடந்தார், ஐந்து நாள் பட்டினி கிடந்தவர் நடக்கிற நடையா அது!

அச்சாபீஸ் வாசலில் செல்லையா நின்றுகொண்டிருந்தார். பாயைக் கண்டதும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் ஊர் முதலாளிமார் வாயில் வராது. நானும் எதிர்பார்க்கவில்லை. பாய் அவரைத் தாண்டி நேராக எழுத்துப் பெட்டிக்குப் போனார். புது ஆளின் கையிலிருந்த வரியைப் பார்த்தார். ஒவ்வொன்றாக மூன்று ஆறுகளைப் பிடுங்கினார். பூட்டிக் கிடந்த ஒன்பதாம் வாய்ப்பாட்டுப் பக்கத்தைக் காட்டி, இதை முதலில் மிஷினில் ஏற்றுங்கள் என்றார். அந்த நாளுக்கு முதலாளி யார் என்று அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. செல்லையா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாய்க்கு ஒரு டீ சொல்லுங்கலே. சீனி கூடப் போடச் சொல்லுங்க."

தாயில்பட்டியிலிருந்து ஒரு கடிதம்

புத்தகம் வந்தது, ஏழு வரியோடு. ஒன்பதுகள் ஆறும் பள்ளிக்கூட வரிசை மாதிரி நேராக நின்றன. இனி நிம்மதி என்று நினைத்தவள் நான் ஒருத்திதான். தாயில்பட்டிப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் கடிதம் எழுதினார். கடைசிப் பக்கத்தில் அச்சுக் கோர்த்தவர் சோம்பேறித்தனமாக ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப வைத்துவிட்டார், கடைசி வரியில் இயந்திரம் கோளாறாகி ஒரே இலக்கம் விழுந்துவிட்டது, கண்டிக்கத்தக்கது என்று. அவர் சிவப்பு மையில் வட்டம் போட்ட பக்கத்தையும் இணைத்திருந்தார். ஏழு வரியில் ஏழு வட்டம். கணக்கு வாத்தியார்!

நான் பேனாவை எடுத்துவிட்டேன். செல்லையா வேண்டாம் மதினி என்று தடுத்தார். அவர் ஒன்றைச் செய்தார், அது எனக்கு ஆச்சரியம்தான். அந்தப் பக்கத்தை நாலாக மடித்துத் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பாய் கண்ணில் படக்கூடாது என்றார்.

"அவரு பாத்தா, வாத்தியாரு சொல்றதும் நியாயந்தானன்னு மறுபடி வீட்டுக்குப் போயிருவாரு."

இரண்டாம் தடவை

அடுத்த வருஷம், லேபிள் சீசன் தொடங்குகிற நேரத்தில், புத்தகத்தை மறுபடி போட்டார்கள். நான் புரூஃப் விஷயமாகப் போனபோது பாய் கடைசிப் பக்கத்தைக் கோர்த்துக்கொண்டிருந்தார். ஒரு வரியைக் கூட நகர்த்தவில்லை. ஒவ்வொரு ஒன்றையும், ஒவ்வொரு நாலையும் பெட்டியிலிருந்து பொறுக்கி, வெளிச்சத்தில் பார்த்து, நிறுத்தினார். டீ குடிக்கிற நேரத்தில் முடித்தவர், இப்போது காலையிலிருந்து மூன்றாவது வரியில் இருந்தார். வெளியே தீபாவளி லேபிள் ஆர்டர்கள் குவிந்து கிடந்தன. செல்லையா வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தார். பாய், அந்த மொத வரியையே நகத்திக்கலாமே என்று சொல்ல வாய் வரை வந்தது அவருக்கு. எனக்குத் தெரிந்தது. ஊரில் வேறு யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லலாம், அவர் மட்டும் சொல்ல முடியாது. என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பாய் தலையைத் தூக்காமல், எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"அவசரப்படாதீக மொதலாளி. இந்தத் தரம் கணக்கு எம் பேர்ல."

இதையெல்லாம் பார்த்த பிறகு நான் கண்ட முடிவு ஒன்றே ஒன்றுதான்: ஒரு விடை சரியாக இருந்தால் அதைச் சந்தேகப்பட இந்த ஊரில் ஆயிரம் பேர் கிடைப்பார்கள், உட்கார்ந்து பெருக்கிப் பார்க்கத்தான் ஆள் கிடைக்காது.